பீரோவில் வைத்த மெழுகுத் தாள்

9-3-2009, திங்கள்
காலை எட்டுக்கே வெயில். முந்திரிப் பூ இன்னும் பத்து நாள் தாங்கும். மூன்றாம் தேனீப் பெட்டியில் தேனடை எல்லாம் வெள்ளை மூடி, கறையே இல்லை. நான்காவதில் தேனீக்கள் தேன் சேர்க்கும் மேல் அறைக்கு ஏறவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

சிதம்பரம் கடைக்காரர் குமரேசன் போன். போன வாரம் அனுப்பிய பன்னிரண்டு தேனடையும் திரும்பி வருகிறதாம். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாச்சா உருண்ட நாத்தம். ஒருத்தர் வாயில போட்டுட்டு, இத பொடவைக்கு நடுவுல வைக்கவா, திங்கவான்னு கேக்குறாரு."

என் பொருளைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதில்லை. உடனே சொன்னேன்: பேருந்தில் ஏற்றும் முன் ஒரு நாள் வசந்தா வீட்டில் இருந்தது, டிரங்குப் பெட்டியில் போட்டிருப்பாள். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

10-3, செவ்வாய்
வசந்தா வந்ததும் கேட்டேன். வாசலில், பால்காரர் நிற்கும்போதே. பதினொரு வருடமாக என்னோடு பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவள். "உன் கைச் சுத்தம் எனக்குத் தெரியும், வீட்டுச் சுத்தம் தெரியாது" என்றேன். நன்றாகச் சொன்னதாக அப்போது நினைப்பு.

"எங்க ஊட்ல ட்ரங்குப் பொட்டியே இல்லம்மா."

தேனீக்குப் புகை காட்டும் புகைப்பானைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

12-3, வியாழன்
வ. வரவில்லை. நேற்றும் இல்லை.
செய்ய: பெட்டிக் கால் கிண்ணங்களில் தண்ணீர் (எறும்பு). புது பிளேடு. கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி.

நான்காம் பெட்டிக்குப் புதுச் சட்டம் தயார் செய்ய, அனுப்பிய பன்னிரண்டுக்கும் ஒட்டியது போக மிச்ச மெழுகுத் தாள் எடுக்கப் பீரோவைத் திறந்தேன். தேனீ அடை கட்டத் தொடங்குவதற்காகச் சட்டத்தில் ஒட்டுகிற மெல்லிய தாள். தேனோடு சேர்த்து வாய்க்குள் போவது. பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பூச்சி அரிக்கக் கூடாதென்று, போன வருடம் நானே வைத்தது. தட்டுக்கு நான்கு அந்துருண்டை. முகர்ந்து பார்த்தேன்.

பீரோவை மூடிவிட்டேன். ஏதோ அது போதும் என்பது போல.

மாலை பால்காரர்: "வசந்தாக்காவுக்கு சொந்தமா ரெண்டு பொட்டி இருக்குல்ல? அந்தத் தேனையும் சிதம்பரத்துல வாணாம்னுட்டாங்களாம்." நான் போனில் அப்படிச் சொன்ன பிறகுதான்.

சாப்பிடவில்லை.

14-3, சனி
மாதா கோயிலில் தவக்காலப் பாவசங்கீர்த்தனம். பொறுமையின்மை, செபத்தில் பராக்கு, இவற்றுக்கு நடுவே "ஒருத்தியைப் பற்றித் தவறாகப் பேசினேன்" என்று செருகினேன். சாமியார் சின்ன வயது.
"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"
"இல்லை சாமி."
"அப்ப மொதல்ல ஏன் இங்க வந்தீங்க?"
கன்னியர் பள்ளியில் வருடம் தவறாமல் நன்னடத்தைப் பரிசு வாங்கியவள். முழங்காலில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டேன்.

குமரேசனுக்குக் கடிதம். நான்கு முறை எழுதினேன். நான்கிலும் "எப்படியோ நேர்ந்துவிட்டது" என்று வருகிறது. கிழித்தேன்.

15-3, ஞாயிறு
பூசை முடிந்து நேரே வசந்தா வீடு. உட்காரச் சொன்னாள், நின்றபடியே சொன்னேன்.
"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நாலாம் பொட்டில ஈ மேல ஏறலல்ல? நான் தாள மோந்து பாத்தேன், ஒங்க பீரோ வாசன."
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா மட்டும்? என் பொடவையப் பத்திப் பேச வந்துட்டியான்னுவீங்க." சிரித்தாள். எனக்கு வரவில்லை. அப்படித்தான் சொல்லியிருப்பேன்.
"எங்கிட்ட சொன்னது சரி. கடைக்காரருகிட்ட சொல்லுங்க. போன்ல வாணாம். நானும் வரேன்."
வீடு பளிச்சென்றிருந்தது. பார்க்கக் கூடாதென்றுதான் இருந்தேன், பார்த்தேன்.

17-3, செவ்வாய்
சிதம்பரம். பேருந்தில் பாதி தூரம் நின்றபடி. கடையில் கூட்டம். "அன்றைக்கு நான் சொன்னது சரியில்லை" என்று ஆரம்பித்தேன். குமரேசன் வசந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "விடுங்கம்மா. கூட வேல செய்றவங்க பண்ற தப்புக்கு நீங்க எதுக்கு இவ்ளோ தூரம் அலையறீங்க?"

சொல்லிவிட்டேன். மெழுகு, பீரோ, புடவை, எல்லாம். சத்தமாகவே. வசந்தாவின் தேனடை ஆறு அனுப்பச் சொன்னார். என்னுடையதைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் உடனே சொல்லவில்லை. அவர் பேசி முடித்ததற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவே ஒருவர் வந்து ஊதுபத்தி கேட்டு, விலை விசாரித்து, சில்லறை வாங்கிக்கொண்டு போனார். வசந்தா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.