சூடு வந்து சேரும்வரை

என் அருமை அருளு,

மேலே போயும் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். தெலுக் பங்லிமா காராங் ஆலையில் நம் உலை இன்னும் ஓடுகிறது. போன வாரம்வரை அது நிச்சயமில்லாமல் இருந்தது.

புது வாடிக்கையாளருக்கு, கணினிச் சில்லு செய்ய ஒரு சிலிக்கான் படிகம் இழுத்துக் காட்டச் சொன்னார்கள். சரியாக வராவிட்டால் நம் பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. வெட்டும் பகுதியில் இருக்கும் உன் வீட்டுக்காரி ரோசலினுக்கும் வேலை போய்விடும். நீ போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் வீடு ஓடுகிறது.

விதைப் படிகத்தை உருகிய சிலிக்கானில் தொட்டு, மெல்லத் தூக்கத் தொடங்கினேன். பாதி வளர்ந்தபோது படிகம் பருக்க ஆரம்பித்தது. சூடு போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ஏற்றினேன். பருமனைக் காட்டும் திரையில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் நின்ற மேனேஜர் லிம், இன்னும் ஏற்று என்றார். எனக்கும் கை பரபரத்தது.

இந்த இடத்தில்தானே நாம் எல்லாரும் தப்புச் செய்வோம்? ஏற்றிய சூடு, சிலிக்கான் உருகிக் கிடக்கும் கிண்ணத்தின் சுவரோரமாக மேலே ஏறி, நடுவை நோக்கி ஓடி, படிகத்தின் அடியில் போய்ச் சேர நேரம் எடுக்கும். பொறுக்காமல் மறுபடி ஏற்றினால் இரண்டு சூடும் சேர்ந்து வந்து படிகத்தை ஒடுங்க வைத்துவிடும். பிறகு குறைக்க, பிறகு ஏற்ற, கடைசியில் எல்லாம் பாழ்.

நீயாக இருந்தால் ஒரு தடவை ஏற்றியதும் என் சட்டையைப் பிடித்துக் கேன்டீனுக்கு இழுத்துப் போவாய். "தே தாரேக் குடிச்சிட்டு வந்து பாப்போம் லா. சூடு நடந்து வரட்டும்" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். அன்று லிம்மை நான் கூட்டிப் போனேன். மனிதர் முகம் கடுகடுவென்று இருந்தது. எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவே இல்லை. உனக்கு மட்டும் எப்படி இறங்கியது? நீயும் பயந்துகொண்டேதான் குடித்தாயா?

திரும்பி வந்து பார்த்தோம். படிகம் பழைய பருமனுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆறியதும் ரோசலின்தான் வெட்டினாள். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார், பிரிவு தப்பியது. சேதி சொல்ல நானே அவளிடம் போனேன். அருள் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இழுத்திருப்பான் என்றேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"இல்லண்ணே. 'நான் சும்மா கூட நிக்கிறேன், இழுக்கிறது குணாதான்'னு வீட்ல எப்பவும் சொல்வாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதன்னுவாரு."

கழிவறைக்குப் போய் அழுதேன்டா. இத்தனை வருஷம் தோளோடு தோள் உரசி நின்றாய். ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

ரோசலினுக்கு நான் இருக்கிறேன், நீ கவலைப்படாதே. இன்னொன்றும் சொல்கிறேன். இனி அந்த உலையில் யார் நன்றாக இழுத்தாலும், உன்னைப்போல் வீட்டில் போய்ச் சொல்லமாட்டேன். அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

ரோசலின் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவதால் உனக்கு மச்சானாகிவிட்ட,
குணா
கிள்ளான்