வராத நாட்களின் கையெழுத்து

ஜூலை 7, திங்கள்

காற்று. காலையிலிருந்தே புழுதி. காயப்போட்ட யூனிஃபார்ம் சட்டை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். குச்சி வைத்து எடுப்பதற்குள் மணி எட்டு.

ஸ்டேஷனில் பட்டியல் வந்துவிட்டது. சென்னையில் செயின் பறிப்பு, வெட்டுக்குத்து. ஒரு மாதமாக டி.வி.யில் அதுதான். அதனால் அங்கே தெருவுக்குத் தெரு போலீஸ் நிற்க வேண்டுமாம். மாவட்டம் மாவட்டமாக ஆள் எடுக்கிறார்கள். எங்கள் ஸ்டேஷனில் ஆறு பேர். இருப்பதே பதினாலு. அதில் இரண்டு பேர் மெடிக்கல் லீவு, ஒருவர் கோர்ட் வேலை, ஒருவர் ஜீப் ஓட்ட. மீதியை எண்ண விரல் போதும்.

ரோந்து போகும் மாதேஷும் பட்டியலில். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சிரிப்பு. "அக்கா, கடலப் பாத்துட்டு வந்துர்றேன்."

சென்னையில் இருப்பவர்கள் கழுத்தில்தான் தங்கம் போல. எங்கள் ஊர்க்காரிகள் போட்டிருப்பதெல்லாம் கவரிங்.

வாங்க: கேஸ் லைட்டர், முட்டிக்குத் தைலம், பெரியவளுக்கு கிராஃப் நோட்டு.

ஜூலை 9, புதன்

மாதேஷின் ரோந்து என் தலையில். பதினோரு பாயிண்ட். பாயிண்ட் என்றால் வேறொன்றுமில்லை, ஆணியில் தொங்கும் ஒரு நீள நோட்டு. பட்டா புத்தகம் என்போம். ரோந்து வரும் போலீஸ் அதில் தேதி, நேரம், நிலவரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏ.டி.எம்., மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி, பெண்கள் பள்ளி கேட், இப்படிப் போய்க் கடைசியில் மஞ்சுளாவின் தையல் கடை.

தையல் கடைக்கு எதற்கு போலீஸ் என்று முதலில் எல்லோரும் சிரித்தோம். அவள் வீட்டுக்காரன் கோவிந்தன். பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. குடித்துவிட்டுக் கடை முன்னால் வந்து, "மெஷினக் கொளுத்திருவேன், கைய எடுத்துருவேன்" என்று கத்துவான். மூன்று மனு கொடுத்தாள். கேஸ் போட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்த வைத்தியம் இந்த நோட்டு. "தெனம் போலீஸ் வந்து நின்னா அவன் கிட்ட வருவானாம்மா?"

சொல்ல மனசில்லை, ஆனால் வேலை செய்தது. மாதேஷ் வந்துபோன நான்கு மாதமும் கோவிந்தன் தெருமுனையைத் தாண்டவில்லை.

இன்று மஞ்சுளா: "அந்தத் தம்பி எப்பங்க்கா திரும்பி வரும்?"

"ஒரு மாசம் ஆவும்."

"அதுவரைக்கும் நீங்க வருவீங்கல்ல?"

வருவேன் என்றேன். பெரியவளுக்கு ஆடிக்கு ஜாக்கெட் தைக்கத் துணி கொடுத்தேன். மாம்பழ மஞ்சள்.

ஜூலை 16, புதன்

மழை வரும் போல மூடிக்கொண்டு ஏமாற்றியது. கால் வீக்கம்.

நான்கு நாளாக ரோந்து இல்லை. சனி: வாரண்ட்காரன் ஒருவனைத் தேடி மாரண்டஹள்ளி. ஞாயிறு: கோயில் தகராறு. திங்கள்: பாலக்கோடு கோர்ட். நேற்று: நெடுஞ்சாலையில் வி.ஐ.பி. போகிறார் என்று காலை ஏழிலிருந்து வெயிலில். கார்கள் போன நேரம் கொட்டாவி விடக்கூடப் போதாது.

ரைட்டர் ஏட்டு (ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அவர்தான்) கூப்பிட்டார். "பாயிண்ட் புக்ல எடம் விடாதீங்கம்மா. ஆளு போயும் ரோந்து கொறையலன்னு மேல ரிப்போர்ட் போயிருக்குது."

"நான் போவலீங்களே."

"போனா மாதிரி எழுதுங்க. என்னா இப்ப."

பதினோரு இடத்திலும் உட்கார்ந்து நான்கு நான்கு நாளாக நிரப்பினேன். ஒவ்வொன்றிலும் நேரம் மாற்றி. 11.10, 11.20, 11.15. நிலவரம் என்ற இடத்தில் "அமைதி". நாற்பத்து நான்கு அமைதி. ஊரில் ஒரு கொசு கடித்ததாகக்கூடத் தெரியாது.

மஞ்சுளா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "வராத நாளுக்கெல்லாம் போடறீங்களேக்கா?"

"எங்க ஆபீஸ் தொல்ல, உனக்கு எதுக்கு?"

"நல்லாருக்குதுங்க. எனக்கும் ஒரு நோட்டு குடுங்க. தெக்காத ஜாக்கெட்ட எல்லாம் தெச்சிட்டேன்னு எழுதிக்கறேன்." சிரித்தாள். நானும் சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

மாதேஷ் போன். கல்யாண மண்டபத்தில் படுக்கையாம். கொசு, வரிசையில் நின்று குளியல்.

"ஒரே ரோட்டுல நாங்க இருவது பேருங்க்கா. பத்தடிக்கு ஒருத்தன். எதுக்குன்னே தெரியல. நேத்து வந்து போட்டோ எடுத்தாங்க. எங்களப் பாத்து ஒரு பாட்டிம்மா, ஏம்பா ஏதாச்சும் கலவரமான்னு பயந்துக்கிச்சு."

இங்கே பால் சொசைட்டி முன்னால் பட்டப்பகலில் பைக் திருட்டு. அந்த நாளுக்கும் என் கையெழுத்து. அமைதி.

வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றம். நாங்கள் பார்த்துக்கொள்வதே சமையலறை வாசலில்தான். மோட்டார் காயில் போய்விட்டது.

ஜூலை 31, வியாழன்

நாளை முதல் நான்காம் தேதி வரை ஒகேனக்கல். ஆடிப்பெருக்கு பந்தோபஸ்து. இருக்கிற கொஞ்சம் பேரையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

எடுத்துக்கொள்ள: இரண்டு யூனிஃபார்ம், விசில், போர்வை, புளிசாதம் முதல் நாளுக்கு, மாத்திரை, பழைய செருப்பு.

ரைட்டர் ஏட்டு: "போறதுக்கு முன்னால நாலு நாளுக்கும் போட்டுட்டுப் போயிருங்கம்மா. இன்ஸ்பெக்சன் எப்ப வரும்னு தெரியாது."

நடந்ததற்கு எழுதுவது போய், நடக்காததற்கு எழுதினேன். இப்போது நடக்கப்போவதற்கும். கிளி ஜோசியக்காரனாவது ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்.

தையல் கடை. மஞ்சுளாவின் முகம் சரியில்லை. "நேத்து பேக்கரிகிட்ட நின்னானுங்க்கா. கடையக்கூடப் பாக்கல. நோட்டத்தான் பாத்துக்கினு நின்னான். அப்பறம் வந்து பொரட்டிப் பாத்துட்டுப் போனான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கடையை நான்கு நாள் மூடு, காரிமங்கலத்தில் உன் அக்கா வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். மனசில் புளிசாதக் கவலை. "நோட்டு தொங்கற வரைக்கும் அவன் வரமாட்டான், போ" என்றேன். அவள் கண் முன்னாலேயே 1, 2, 3, 4. எல்லாம் 11.15. நேரத்தை மாற்றக்கூடச் சோம்பல்.

ஜாக்கெட் வெட்டியாயிற்று, வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒகேனக்கல். ஜனம், எண்ணெய், மீன் வறுவல் வாடை. ஆற்றில் இறங்காதே என்று கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

மத்தியானம் ரைட்டர் ஏட்டு போன். நேற்று காலை பதினோரு மணிக்கு கோவிந்தன் கடைக்குள் போயிருக்கிறான். அவளுடைய கத்தரிக்கோலையே எடுத்து, அவள் வலது கையில். நரம்பு அறுந்திருக்கிறதாம். தருமபுரி பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன்.

"பட்டா புக்க இன்ஸ்பெக்டர் எடுத்துட்டு வரச் சொன்னாரு. நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க" என்றார்.

சாப்பிடவில்லை. காணாமல் போன குழந்தை ஒன்று இரண்டு மணி நேரம் என் இடுப்பில் இருந்தது. அம்மா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் மேசையில் நோட்டு.

கோவிந்தன் பக்கத்து ஆட்கள் வார்டு கவுன்சிலரோடு வந்துபோனார்களாம். அவன் அன்று ஓசூரில் இருந்தான் என்கிறார்கள். நோட்டைப் போனில் போட்டோ பிடித்து வைத்திருக்கிறார்கள். "ரெண்டாந்தேதி பதினொண்ணே காலுக்குப் போலீஸ் வந்து அமைதின்னு எழுதியிருக்குதே. பதினோரு மணிக்கு எப்பிடிங்க வெட்டியிருப்பான்? ரத்தத்துல நின்னுக்கினா அந்தம்மா அமைதின்னு எழுதுச்சு?"

கேள்வி நியாயம். பதில் என்னிடம்தான்.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. அவர் கத்தியிருக்கலாம். "பாரு தனம். ஒண்ணு, நீ போன, எல்லாம் அமைதி. இல்லன்னா நீ போவல, போனேன்னு பொய்யா எழுதின. ரெண்டாவதச் சொன்னா உன் வேல போவும். ஆளு இல்லாமயே ரோந்து போச்சுன்னு ரிப்போர்ட் அனுப்புன என் வேலையும் போவும். நீயே சொல்லு."

மூன்றாந்தேதி காலையில்தான் நான் ஒகேனக்கல் போனதாக டூட்டி புத்தகத்தில் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். என் வாக்குமூலமும் எழுதித் தயாராக. 11.15க்குப் போனேன். மஞ்சுளா வேலையாக இருந்தாள். கையில் லேசான காயம், கத்தரிக்கோல் தவறிப் பட்டது என்று அவளே சொன்னாள். தகராறு எதுவும் இல்லை.

"அவ அப்பிடிச் சொல்லலீங்களே சார்."

"அவ சொன்னத யாரு எழுதி வெச்சிருக்கா? நீ சொன்னதுக்கு நோட்டு இருக்கு."

கையெழுத்துப் போட்டேன்.

காரணம் எழுதலாம். வீட்டுக்காரர் வேலை காண்ட்ராக்ட், பெரியவள் பத்தாவது, வீட்டு லோன். எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. பயந்தேன். இதே ஊரில் எத்தனை பெண்களைப் பார்த்து "பயப்படாம சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறேன். நாக்கு அழுக வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

டி.வி.யில் தலைநகரில் குற்றம் குறைந்தது என்று செய்தி. வரிசையாக நிற்கிற போலீஸ் படம். நடுவில் மாதேஷ் மாதிரி ஒரு முகம். மாதேஷ்தானா தெரியவில்லை. அணைத்துவிட்டேன்.

பெரியவள்: "மா, ஜாக்கெட் என்னாச்சு?"

அடித்துவிட்டேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். கோவிந்தன் மேல் கேஸ் இல்லை. தவறிப் பட்ட காயம் என்று முடித்தாயிற்று. நோட்டை நகல் எடுத்துக்கொண்டு, ஐந்திலிருந்து பத்து வரை என்னையே நிரப்பவைத்து, பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னார்கள். நாளை மேலதிகாரி பாயிண்ட் பார்க்க வருகிறாராம்.

தெருமுனையில் அவன். பேக்கரி பெஞ்சில் கால்மேல் கால். என்னைப் பார்த்து எழுந்து வணக்கம் வைத்தான். "நல்லாருக்கீங்களா மேடம்?" இந்த ஊரில் எனக்கு இப்போது நன்றியாக இருப்பவன் அவன் ஒருவன்.

கடை பாதி திறந்திருந்தது. மெஷின் மேல் பழைய புடவை போர்த்தி இருந்தது. மஞ்சுளாவுக்கு முழங்கை வரை கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே, வீங்கி. கட்டை விரல் மடங்காதாம். டாக்டர் நம்பிக்கை சொல்லவில்லை.

"வாங்க மேடம்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

ஜாக்கெட் துணியை மடித்துப் பையில் வைத்திருந்தாள். வெட்டிய துண்டுகள், மாம்பழ மஞ்சள். "சுத்தமாத்தாங்க இருக்குது. ரத்தம் படல. வேற யார்கிட்டயாச்சும் குடுத்துத் தெச்சிக்குங்க."

மன்னிச்சிரு மஞ்சுளா என்று நடந்து வரும்போது பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது: "கை வலி எப்பிடி இருக்குது?"

நோட்டை ஆணியில் மாட்டப் போனேன்.

"குடுங்க இப்பிடி" என்று இடது கையால் வாங்கினாள். என் பேனாவையும் வாங்கினாள். மடியில் வைத்து எழுதினாள். ரொம்ப நேரம் ஆனது. எழுத்து ஒன்றாவது படிப்பவள் எழுத்து போலக் கோணிக்கொண்டு போனது. 11, 12, 13. மூன்று நாளுக்கும் 11.15. மூன்று நாளுக்கும் அமைதி. மூன்றிலும் மஞ்சுளா.

"இனிமே நீங்க அலையாதீங்க மேடம். நானே போட்டுக்கறேன். நீங்க வந்து போடறதும் நான் போடறதும் ஒண்ணுதானுங்களே."

தூறலில் நனைந்துகொண்டே ஸ்டேஷன் வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை விற்றார்கள். வாங்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். அதிகாரி பதினொன்றரைக்கு. ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு பாயிண்டிலும் நோட்டை நான் எடுத்துப் போய் ஜன்னலில் நீட்ட வேண்டும்.

தையல் கடை நோட்டை நீட்டினேன். பார்த்தால் தெரிந்துவிடும். போலீஸ் கையெழுத்து இல்லை, எழுத்து கோணல், நாளைய தேதிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். சத்தியமாக. கேட்கட்டும், கேட்கட்டும் என்று நின்றேன்.

கடைக்குள்ளிருந்து மஞ்சுளா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனில் யாரிடமோ பேசியபடியே தாளைப் புரட்டினார். "ஆறு பேர் போயும் ஒரு நாள்கூட விடலையே. குட்மா." பேனாவை எடுத்தார்.

இன்று தேதி பன்னிரண்டு. பதிமூன்றாம் தேதி அமைதிக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன்.