இடது கை ஏன் வலிக்கிறது என்று கேட்டாயே, வசந்தி

என் கண்ணு வசந்திக்கு,

கண்ணு என்று எழுதிவிட்டேனே தவிர, நீ இப்போது எதிரில் வந்து நின்றால் கன்னத்தில் ஒன்று விடுவேன். அவ்வளவு கோபம் எனக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை.

இந்த மாத மாவு மூட்டை சனிக்கிழமை வந்தது. வழக்கமாகப் பிரிக்கும் உன் வீட்டில் துக்கம் என்பதால் கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக் கூடத்தில் கொட்டிப் பங்கு பிரித்தோம். ஒரு கிலோ பாக்கெட் மைதாவில் பன் எழும்பாது, பேக்கரிக்காரர்கள் வாங்கும் மாவு மூட்டையாகத்தான் கிடைக்கும் என்று ஏழு பேரையும் கூட்டு சேர்த்தவள் நீதானே? பொன்னேரி பஜாரில் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பாய். கட்டியாக நின்றால் கேக்குக்கு, உதிர்ந்தால் ரொட்டிக்கு. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். இந்தத் தடவை யாரும் அள்ளிப் பார்க்கவில்லை. மணவாள நகர் ஷமீம் தராசை வைத்துக்கொண்டு பழக்கத்தில் ஏழு பங்காகக் கட்டிவிட்டாள். ஏழாவது பையைப் பார்த்ததும் கூடத்தில் ஒருத்தி வாயையும் காணோம். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நீ இருந்த வரை ஒரு நிமிடம் சும்மா இருந்தவர்களா இவர்கள்?

உன் நாத்தனார் சொன்னது உனக்குத் தெரியாது, சொல்கிறேன் கேள். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில், உன் மகள் கீர்த்தனா காதில் விழும்படி சொன்னாள்: "மாவு பிசைஞ்சி பிசைஞ்சே மாரு அடைச்சி பூட்டா. வேணான்னா கேட்டாளா? பொண்ணு பன்னு வேணும்னு கேட்டுச்சாம், இவ பிசைஞ்சிக்கினே உயிர வுட்டுட்டா." சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உச்சுக்கொட்டினார்கள். இன்னொருத்தி மைதாவே விஷம், கம்பெனியில் எதையோ கலக்கிறான் என்று ஆரம்பித்தாள். அவர்கள் பிள்ளைகளின் பிறந்த நாளுக்கெல்லாம் உன் கேக்கை வெட்டித் தின்றவர்கள்தான். விரலைக்கூட நக்கினார்கள்.

நான் அங்கேயே எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? அந்த வாரத்து வேலையைச் சொன்னவள் நான்.

திங்கட்கிழமை யாராவது ஒருத்தி குழுவில் சொல்வது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு பேரும் செய்து படம் போடுவது. இதுதானே நம் வழக்கம். அந்தத் திங்கள் என் முறை. பால் பன் என்றேன். அதோடு விட்டேனா? "மிஷின் கூடாது, கையால்தான் பிசைய வேண்டும், இருபது நிமிடம்" என்று பெரிய தலைமை ஆசிரியை மாதிரி எழுதினேன். செவ்வாய் மதியத்துக்குள் குழு முழுக்க ஒரே புலம்பல். தோள் போச்சு என்றாள் ஒருத்தி. ஷமீம் கையில் தைலம் தேய்த்துக்கொண்டு படம் போட்டாள். நடுவில் நீ எழுதினாய்: "கை ரொம்ப வலிக்குது." உடனே ஐந்து பேர், "எனக்கும்", "எனக்கும்". நான் ஆறாவது. "வலிச்சாதாண்டி பன்னு வரும்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் எந்தக் கை என்று கேட்டிருப்பார்கள். எல்லோருக்கும் கை வலித்துக்கொண்டிருந்த ஒரே இடத்தில் வந்து சொன்னாயேடி.

உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பாய். உன் புருஷனுக்குத் தும்மல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாய். உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஆட்டோகூட வேண்டாம். அவர் கேஸ் என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தாராம், நீயும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாயாம். உனக்கு வந்தால் மட்டும் எல்லாமே கேஸ். அந்த மனிதர் இப்போது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் நீ என்னிடமும் சொல்லியிருக்கிறாய்.

செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினாய். நாலு நிமிடம். உன் பதிவுகள் எப்போது நாலு நிமிடத்துக்குக் குறைந்திருக்கின்றன? திறந்தேன். "ராணி, இந்த தபா மாவு சரியில்லடி, தண்ணியே இழுக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தாய். சரி, மாவுப் புராணம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். புதன்கிழமை என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறியது. வியாழக்கிழமை காலை நீ போய்விட்டாய்.

ஐந்தாம் நாள்தான் முழுதும் கேட்டேன். உன் குரலுக்காகத்தான் கேட்டேன். மூன்று நிமிடம் மாவுதான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறாய்: "இன்னொன்னு கேக்கணும்டி. நான் வலது கையாலதான பிசையறேன். இடது கை சும்மா சட்டியத்தான் புடிச்சிக்கினு இருக்குது. அதுக்கு இன்னாத்துக்கு வலிக்குது? ஞாயித்துக்கெயம ஸ்டேஷன் படிக்கட்டு ஏறும்போதே இருந்துச்சி. அப்ப மாவையே தொடலடி. தாடை வரைக்கும் இழுக்குது. ஊட்ல கேஸுன்றாங்க. ஆஸ்பத்திரிக்கி போலாமா? நீ கூட வர்றியா?"

வந்திருப்பேனேடி. அடுத்த ரயிலில் வந்திருப்பேன்.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். காரியத்தன்று கை கழுவும் இடத்தில் கீர்த்தனா என் பக்கத்தில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண், முகம் கிழவி மாதிரி ஆகியிருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அன்னிக்கி காலையில அம்மா என்னைக் கூப்டாங்க சித்தி. கை விட்டுப்போவுது, கொஞ்சம் வந்து பிசைஞ்சி குடுன்னாங்க. ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு போன் பாத்துக்கினு இருந்தேன். நான் போயிருந்தா அம்மா இருந்திருப்பாங்க." என் கைப்பையில் உன் குரல் இருந்தது. எடுத்துப் போட்டிருந்தால் அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கும், பன்னுக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று. நான் எடுக்கவில்லை. "அப்படியெல்லாம் நெனைக்காதடி" என்று தலையைத் தடவிவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன் பெண்ணைப் பழியோடு விட்டுவிட்டு வந்தேன். உன் நாத்தனார் வாயால் சொன்னதை நான் வாயை மூடிக்கொண்டு செய்தேன். அவளைவிட நான் என்ன ஒசத்தி?

நேற்று போனேன். வீட்டில் கீர்த்தனா மட்டும்தான் இருந்தாள். போனை அவள் முன்னால் வைத்து ஓடவிட்டேன். மாவு சரியில்லை என்று நீ சொன்னபோது லேசாகச் சிரித்தாள். பதினேழு நாளில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்று முறை போட்டேன்.

"ஞாயித்துக்கெயமயே வலிச்சிருக்கு" என்றாள்.

"ஆமா. நீ பிசைஞ்சி குடுத்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். உன்னால ஒண்ணும் இல்ல. உன் அத்தை சொல்றது பொய்."

போனை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். உன் பெண்ணாயிற்றே, பார்க்காமல் விடுவாளா?

"இது செவ்வாக்கெயம அனுப்பினது. அம்மா போனது வியாயக்கெயம."

போனைத் திருப்பி என் பக்கம் காட்டினாள்.

"நீ எப்ப சித்தி கேட்ட?"

"அவ போனப்புறம்."

"ஏன் அப்பவே கேக்கல?"

ரயிலில் வரும்போது இதற்கு எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். ஷிப்ட், வேலை, போன் சரியில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டேன். "ரொம்ப நீளமா இருந்துச்சிடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத மாட்டேன். "எழுந்து போ சித்தி" என்றாள். செருப்பை மாட்டுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே நின்றேன். உள்ளே பாத்திரம் விழுந்தது. அப்புறம் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பதினேழு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்ணடி அது. அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், தெருவுக்கே கேட்டது. உன்னிடம்கூட நான் அப்படித் திட்டு வாங்கியதில்லை. ஒரு வார்த்தையிலும் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை அவள். அதைக் கேட்டுக்கொண்டு உன் வாசலில் நின்றேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற வரைக்கும்.

நம் குழுவில் இன்றைக்குத் திங்கட்கிழமை வேலை என்னவென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் போடவில்லை. உன் குரலை முதலில் அவர்களுக்கும் போட்டுக் காட்ட வேண்டும். எனக்கும் எனக்கும் என்று எழுதிய ஐந்து பேருக்கும் தெரியட்டும். உன் நாத்தனார் வீட்டுக்கும் போவேன். அங்கே போய் மரியாதையாகப் பேசுவேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

உனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்கிறேன் வசந்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வாசலுக்கு வருவேன். கீர்த்தனா கதவைத் திறக்கட்டும், திறக்காமல் போகட்டும். அவள் திட்ட எவ்வளவு நேரம் ஆனாலும் நின்று முழுசாகக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் பெண் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவளுக்குச் சித்தி,
ராணி