டிக்கெட் இல்லாத இடங்கள்

ஜூன் 8, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை கடைசி வாய்தா. ராஜஸ்ரீ வக்கீலம்மா போன் பண்ணி, ஆதார் ஒரிஜினல் மறக்காதீங்க என்றார். மறப்பேனா? நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட விவாகரத்து மனு, பரஸ்பர சம்மதம். இந்தக் கல்யாணத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

கல்யாணமாகி நாலு வருசம். அழகுபாண்டி சோலாப்பூரில் முறுக்குக் கடையில். பொங்கலுக்கு ஒரு வாரம், பங்குனிப் பொங்கலுக்கு நாலு நாள். சேர்ந்து இருந்ததை எண்ணினால் நூறு நாள் தேறாது. என்னையும் கூட்டிட்டுப் போங்க என்றால் "அடுத்த வருசம்". எப்போ வருவீங்க என்றால் ஒரு தேதி. அந்தத் தேதிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அப்பா செத்ததற்கு "இந்தா கிளம்பிட்டேன்" என்றவர், பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூணாவது நாள் வந்து நின்றார். தீபாவளி ஆர்டராம். மருமகன் நின்று செய்ய வேண்டியதையெல்லாம் பக்கத்து வீட்டு ஆள் செய்தான். அன்றைக்கே மனசு விட்டுப்போச்சு.

ஜூன் 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் ஆரப்பாளையம் மருந்துக் கடையில் நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

எங்கே ஆரம்பிக்க?

ஜட்ஜ் லீவு. ஜூலை 8 என்று தேதி போட்டுவிட்டார்கள். "ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். ஒருத்தர் வரலைன்னாலும் மனு நிக்காது" என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா அடுத்த கேசுக்கு ஓடிவிட்டார். மணி பதினொன்று. கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் அழகுபாண்டி பையோடு நின்றார். இளைத்திருக்கிறார். ரெண்டு கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு, புதுசும் பழசுமாய்.

"ரயிலு சாயங்காலந்தான். எங்குட்டுப் போறதுன்னு தெரியல."

"ஸ்டேஷன்ல போய் உக்காருங்க" என்றேன். சொன்ன பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த வாய் இருக்கே! வெயிலில் மூணு எட்டுக்கூட வைத்திருக்க மாட்டார், கூப்பிட்டேன். "காந்தி மியூசியம் பக்கத்துலதான். பாக்கலாம். காசெல்லாம் கிடையாது."

காசு கிடையாது என்பதை எதற்குச் சொன்னேன் என்று இப்போதுதான் புரிகிறது. டிக்கெட் என்றால் யார் யாருக்கு எடுப்பது? புருசன்தான் எடுக்கணும். ஆனால் இவர் புருசனா? சும்மா விடுகிற இடத்தில் அந்தக் கேள்வியே வராது.

வாசலில் நோட்டு வைத்திருந்தார்கள். பேர், ஊர், எத்தனை பேர். பேரை எழுதிவிட்டு ரொம்ப நேரம் யோசித்து '2' என்று போட்டார். நான் தனியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்றையும் விடவில்லை. நான் முன்னால் போவதும் நின்று காத்திருப்பதுமாக இருந்தேன். சுட்டபோது காந்தி கட்டியிருந்த துணி இருக்கிற அறையில் செருப்பைக் கழற்றப் போனார். "இது கோயிலில்ல" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கடைசியாக எப்போது சேர்ந்து சிரித்தோம்? தெரியவில்லை.

"நாப்பது கிலோமீட்டர்ல ஊரு. மதுரையச் சுத்திப் பாத்ததே இல்ல மீனா. பஸ் மாத்துறதோட சரி. ஒன்னையும் கூட்டியாந்ததில்ல."

இப்போது சொல்கிறாராம்.

பொம்பளைகளுக்கு இலவசம் என்பதால் டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும். நாயக்கர் மகால் வாசல் வரை போனோம். உள்ளே கவுண்டர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம். அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"எனக்கு நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

கையை எடுத்துவிட்டார். "வேணாம். வெளியில இருந்தே நல்லாத்தான் தெரியுது."

என்ன தெரிந்தது? மதில்தான் தெரிந்தது. பேசாமல் அவரை எடுக்க விட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்?

பத்துத்தூண் சந்துக்கு நடந்தோம். அதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. சுற்றி ஜவுளிக்கடை, நைட்டி தொங்குகிறது, நடுவில் அவ்வளவு பெரிய தூண்கள், மேலே ஒன்றுமே இல்லாமல். பாண்டியனும் நாயக்கனும் ஆண்ட தலைநகரத்தில் மிச்சம் இது. அவர் ரெண்டு கையாலும் ஒரு தூணைக் கட்டிப் பார்த்தார். கால்வாசிகூட எட்டவில்லை.

"நீ அந்தப் பக்கம் புடிச்சாலும் எட்டாது" என்றார்.

பிடித்துப் பார்க்கச் சொல்கிறாரா, சும்மா சொல்கிறாரா? நான் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, 'வேணாம் மீனா, எம்புட்டு நாளைக்கு இப்படி' என்று மட்டும் சொல்லியிருந்தால், ஜவுளிக்கடைக்காரன் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதிருப்பேன். அவர் சொல்லவில்லை. டீ சாப்பிடுவோமா என்றார். என் டீக்கு நான் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போச்சு.

ஸ்டேஷன் வாசலில் "வாரேன்" என்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்: "அடுத்த வாய்தாவுக்கும் சொன்ன தேதிக்கு வந்து சேருங்க."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

ஜூன் 11, புதன்

அந்த ஒரு வாக்கியத்தை ஏன் சொன்னேன்? எனக்கு இந்தக் கேசு சீக்கிரம் முடியணும் என்றுதானே நினைத்திருப்பார்? எனக்கு அது முடியணுமா?

ஜூன் 22, ஞாயிறு

போன் இல்லை. நானும் பண்ணவில்லை. ரெண்டு தடவை நம்பரை எடுத்து, அணைத்து வைத்தேன். "எதுக்குடி மூஞ்சிய இப்படி வச்சிருக்க, நீ கேட்டதுதான?" என்கிறாள் அம்மா. நான் கேட்டதுதான்.

ஜூலை 7, திங்கள்

வரமாட்டார். போன வாய்தாவைத் தவிர எந்தத் தேதிக்கு வந்திருக்கிறார், இதற்கு வர? ஒருத்தர் வரலைன்னாலும் மனு நிக்காது. காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாலு வருசமாக வரணும் வரணும் என்று வேண்டியவள், இன்றைக்கு வந்துவிடக் கூடாது என்று பஸ்ஸிலிருந்தே மீனாட்சியைக் கும்பிட்டேன். நாளைக்கு அவர் வராவிட்டால் ராத்திரியே நான் போன் பண்ணுவேன். என்ன சொல்வேன் என்பதுகூட மனசில் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு.

ஜட்ஜம்மா, ரெண்டு பேரும் உறுதியாத்தான் இருக்கீங்களா என்று கேட்டார். அழகுபாண்டி என்னைப் பார்த்தார். வந்துவிட்டாரே, இதற்கு மட்டும் தவறாமல் வந்துவிட்டாரே என்ற ஆத்திரத்தில் நான் மேசையைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றேன். அவரும் "ஆமா" என்றார். கல்யாணம் முடிந்துபோகப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து கேட்டேன். "இதுக்கு மட்டும் கரெக்டா வந்துட்டீங்க?"

"நீதான சொன்ன. இதுலயாச்சும் ஒன்ன ஏமாத்தக் கூடாதுன்னு ஞாயித்துக்கெழமையே வந்துட்டேன். ஆரப்பாளையத்துல லாட்ஜுல இருந்தேன்."

"ஆரப்பாளையத்துலயா?"

"நேத்து ரெண்டு வாட்டி ஒங்கடை வரைக்கும் வந்தேன். உள்ள வந்து பேசுவமான்னு பாத்தேன். கூட்டமா இருந்துச்சு."

பையை எடுத்துக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

நேற்று கடையில் கூட்டமே இல்லை.