காய்ந்த கல்

நேற்றுச் சன்னல் வழியாகச் சாரலடித்து மேசை நனைந்துவிட்டது. தாள்களின்மேல் பாரமாக வைத்திருக்கும் உன் கல்லும் நனைந்தது. துடைக்க எடுத்தவன் என்னையறியாமல் முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் மணம் எப்போதோ போய்விட்டது. இப்போது அதைத் தூக்கவே எனக்குக் கை வலிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் போடியில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். நான் கணக்கு, நீ இயற்பியல். விடுப்பெடுத்து மதுரையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாய். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், ஐந்து தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருந்த லைன் வீடுகளின் தலைக்குமேல் ஒரு பாறை வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு அது நிற்குமா, உடைந்து உருளுமா? கணினியிடம் கேட்போம் என்றாய்.

சரிவின் படத்தை வரைந்து சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முக்கோணமும் பக்கத்திலிருப்பதை எவ்வளவு நெருக்கும், எந்த இடத்தில் தாங்காமல் பிளக்கும் என்று கணினி கணக்கிடும். அதற்கான எண்களை அட்டையில் துளையிட்டு அனுப்ப வேண்டும். பாறையோ மக்கிப்போய், உள்ளெல்லாம் நுண்துளை. “ஓட்டைக் கல்லுக்கு ஓட்டை அட்டை, மாப்ளே” என்று சிரிப்பாய்.

மாதிரிக் கற்களைக் கீழே கொண்டுவரும் சோலி என்னுடையது. ஜீப்பு வர நான்கு நாளாகும் என்றார்கள். பத்திரமாக இருக்கட்டுமென்று ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் மூட்டையை வைத்தேன். அந்தக் கற்களின் உறுதியை மதுரையில் அளந்து, அட்டை அடித்து அனுப்பினாய். பாறை நிற்கும் என்று விடை வந்தது. மலையேறிப் போய், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

அடுத்த வாரம் என் வீட்டில், மீந்த கல்லொன்றை வாளித் தண்ணீரில் போட்டாய். குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. எடுத்து முகர்ந்தாய்.

“மாப்ளே, இத எங்க வச்சிருந்த?”

சொன்னேன். விறகுச் சூட்டில் கல்லின் ஈரமெல்லாம் போயிருந்தது. மலையிலிருக்கும் கல்லோ மழையைக் குடிக்கும். துளைகளில் நிற்கும் நீர் அதை உள்ளிருந்தே நெம்பும். நீ திட்டவில்லை. “கெளம்பு, வெரசா” என்றாய்.

லைனில் மூத்தவள் மாரியம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். “போன வாரம் நிக்கும்னீக. இன்னைக்கி விழலாம்ங்கிறீக. ஒங்க மிசினுக்குக் காச்சலா வாத்தியாரே?”

“மிசினு மேல தப்பில்ல ஆத்தா. நான்தேன் காஞ்ச கல்லக் குடுத்துக் கேட்டுப்புட்டேன்.”

அவள் கையிலிருந்த ரஸ்க்கை வாங்கி அழுத்திக் காட்டினாய்; உடையவில்லை. டீயில் முக்கித் தூக்கினாய். பாதி அறுந்து விழுந்தது. “மழையில ஒங்க பாறையும் இப்பிடித்தேன்.”

“அதுக்கு என் ரஸ்க்கு போச்சே!” என்று சிரித்தாள். ஆனாலும் அன்றே ஐந்து குடும்பமும் சட்டிபானையோடு ஸ்டோருக்குக் குடிபோனது.

அந்த மழைக்குப் பாறை விழவில்லை. அடுத்த மழைக்கும் விழவில்லை. எவ்வளவு நனைந்தால் உடையும் என்பதற்கு உன் கணினி கடைசிவரை உறுதியாக விடை தரவில்லை. பக்கத்து ஊர் சிலமலைக்குப் போகும் பஸ்சில்கூட உன்னை ‘ரஸ்க்கு வாத்தியார்’ என்று கேலி செய்தார்கள். மாரியம்மா மட்டும் ஒவ்வோர் ஆண்டும் முதல் மழைக்கு, “ரஸ்க்கு நனையுது, சட்டிய எடுங்கடி” என்று கிளம்பினாள்.

கொடுத்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள் என்பதற்கு, வகுப்பில் இந்தக் கதையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ‘ஒரு வாத்தியார் கல்லை ஸ்டோரில் வைத்துவிட்டார்’ என்பேன். எந்த வாத்தியார் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாரியம்மாவிடம் நீ ‘நான்தேன்’ என்றபோது உன் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்காமல். உன் இழவுக்கு வந்தவர்களும் “ரஸ்க்கு வாத்தியார் போயிட்டாரே” என்றார்கள். அப்போதும் திறக்கவில்லை.

கல்லைத் துடைத்து இந்தத் தாளின்மேல் வைத்திருக்கிறேன். துடைத்த பிறகும் ஈரம் கசிந்து எழுத்தில் பரவுகிறது.

ஸ்டோர்ல வச்சது நான்தேன், மாப்ளே.