அஷ்டமியில் நின்ற பெட்டிகள்

உ
கரோல் பாக், புது டில்லி
10-11-1980

ஜலஜாவின் அப்பாவுக்கு ருக்மிணி நமஸ்காரம் செய்து எழுதுவது. நானும் குழந்தையும் சௌக்கியம். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டே மீதியைச் சரியாகப் படிக்க மாட்டீர்கள்.

அக்கபாவிலிருந்து நீங்கள் போட்ட இரண்டாவது கடிதம் பதினோரு நாளில் வந்து சேர்ந்தது. முதலாவது இன்னும் வரவில்லை. சண்டையால் ஈராக்கின் பஸ்ரா துறைமுகம் மூடிவிட்டதால், புதிதாகச் செய்த பம்புகளை ஜோர்டானில் இறக்கி, லாரியில் பாலைவனம் தாண்டி அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். ஜலஜாவின் அட்லஸை விரித்து அக்கபாவைக் கண்டுபிடித்தேன். செங்கடல் ஒரு விரலை நீட்டின மாதிரி இருக்கிறது, அதன் நகத்தில் உங்கள் ஊர். அங்கிருந்து பாக்தாத் வரை ஊர்ப் பேரே இல்லாமல் மஞ்சளாகக் கிடக்கிறது. லாரிக்காரர்கள் எங்கே குளிப்பார்கள், எங்கே சாப்பிடுவார்கள்? நீங்களும் லாரியோடு போவீர்களா, துறைமுகத்திலேயே இருப்பீர்களா என்று எழுதவில்லையே. அதை எழுதுங்கள்.

பஸ்ரா ஆற்றில் மாட்டிக்கொண்ட கப்பல் அப்படியேதான் நிற்கிறதாம், ஆபீசிலிருந்து ஜோதிலிங்கம் வந்தபோது சொன்னார். அதில் இருக்கிற நாற்பத்திரண்டு பம்புப் பெட்டியும் என் கண்ணில் நிற்கின்றன. பரீதாபாத் கிடங்குக்கு எங்களைக் கூட்டிப்போனீர்களே, அன்றைக்கு ஒரு பெட்டியில் ஜலஜாவின் கையைப் பிடித்து "மேல் பக்கம்" என்று அம்புக்குறி போடவைத்தீர்கள். அந்த அம்பு இப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ.

தீபாவளியைப் பேருக்குக் கொண்டாடினோம். "பாப்பா இல்லாம பட்டாசு நஹீ" என்று ஜலஜா சொல்லிவிட்டாள். தமிழில் சொல்லு என்றேன். "அப்பா இல்லாம பட்டாசு நஹீ" என்றாள். பூசா ரோடு பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் டீச்சர் யார் என்று ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது. உங்கள் செக்ஷன் வில்பிரட் வீட்டுக்கு வழக்கம்போல் தூக்கில் பட்சணம் அனுப்பினேன். தூக்கு வெறுமனே திரும்பி வந்தது. அவர் சம்சாரம் இன்பராணி ஒரு நாளும் அப்படிச் செய்கிறவள் இல்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். செப்டம்பரில் ஜலஜா டைபாய்டில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்த கையோடு பதினான்கு நாள் காலையும் மாலையும் வந்து ஊசி போட்டவள். கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "மாமி, இவனைப் பிடிங்க, அவளை நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். இப்போது பால் பூத்தில் என்னைக் கண்டால் வரிசையை விட்டுப் போகிறாள். ஆபீசில் ஏதாவது நடந்ததா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சுவெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் க்ஷேமத்தையே எண்ணியிருக்கும்
ருக்மிணி


உ
கரோல் பாக்
19-11-1980

ஜலஜாவின் அப்பாவுக்கு நமஸ்காரம். குழந்தை சௌக்கியம். நான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

நேற்று நானே இன்பராணி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழந்தை என்னைப் பார்த்துத் தாவியது. அதற்கப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"மாமி, எங்க வீட்டுக்காரங்கள சஸ்பெண்ட் பண்ணியாச்சு. கப்பலுக்கு முக்கியமான ஃபைலை ரெண்டு நாள் மேசையிலயே வச்சிருந்தாங்கன்னு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சார் வீட்டுக்குக் கிளம்புறப்ப வராந்தாவுல வச்சுக் கையில கொடுத்தேன், சார்கிட்ட போய் வாங்கினதுக்குப் புத்தகத்தில கையெழுத்துப் போடுங்கன்னு எப்படிக் கேப்பேன்னு சொல்லுதாங்க. சார், ஃபைல் வியாழக்கிழமைதான் கைக்கு வந்துச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு வெளிநாட்டுக்குப் போயிட்டாங்க. யாரு நம்புவா?"

குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து என் நோட்டை எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், வரவு செலவோடு சேர்த்து நாளையும் எழுதி வைக்கிறவள் நான். காஸ் என்றைக்கு மாற்றினது, குழாயில் தண்ணீர் என்றைக்கு வரவில்லை, என்ன திதி, யார் வந்தார்கள், எல்லாம் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களே என்று நானாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். நீங்கள் கழித்துப் போடுகிற டைப் அடித்த தாள்களை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினதும் அதே நோட்டின் பின்பக்கத்தில்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அஷ்டமி. பம்பாய்க் கப்பல் ஃபைலோடு வந்தார். இன்று வேண்டாம், நாளை நவமி, வியாழன் தசமி நல்ல நாள் என்றேன். சுவாமி அலமாரியில் வைத்தேன். நாலு மூலைக்கும் மஞ்சள்." ஆகஸ்ட் 21: "காலை ஸ்நானம் செய்து கையெழுத்திட்டு எடுத்துப் போனார்."

படித்தபோது எனக்கு அந்த மூன்று நாளும் திரும்ப ஓடின. ஆடி முடிந்து ஆவணி பிறந்த மூன்றாம் நாள். ஃபைலை நீட்டி, "ருக்கு, நாள் எப்படி?" என்று கேட்டீர்கள். பதினான்கு வருஷமாகக் கேட்கிறீர்கள், நானும் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்றீர்கள், நான் அப்போ வியாழக்கிழமை போடுங்கள் என்றேன். அவ்வளவுதான் நடந்தது. வியாழன் மாலை ரயிலில் ஆள் கொண்டுபோன காகிதம் வெள்ளி மத்தியானம் பம்பாய் சேர்ந்ததும், அதற்கு ஒரு மணி முன்னாலேயே அந்தக் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற கணக்கை முடித்துவிட்டார்கள் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை அது பெட்டிகள் இல்லாமல் போய், பஸ்ராவில் மற்றச் சாமான்களை இறக்கிவிட்டு சமர்த்தாகத் திரும்பியும் வந்துவிட்டது. பதினாறு நாள் கழித்துப் புறப்பட்ட அடுத்த கப்பல் ஆற்றுக்குள் நுழைந்த மூன்றாம் நாள் சண்டை மூண்டது.

சண்டையை நாம் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் ஃபைல் நம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது, வில்பிரட் மேசையில் இல்லை.

நீங்கள் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. இத்தனை தேசத்துச் சாமானைக் கையாளுகிற ஆபீசர் பெண்டாட்டி சொன்ன அஷ்டமிக்காகக் கையெழுத்தை நிறுத்தினார் என்றால் கான்ட்டீன் முழுக்கச் சிரிக்கும். என் பேரும் அதில் வரும் என்று எனக்காகவும் யோசித்திருப்பீர்கள். அதற்காக உங்களைக் கோபிக்க எனக்கு வரவில்லை. நாள் பார்த்தது தப்பு என்று நினைக்கவும் இன்னும் மனசு ஒப்பவில்லை. பார்த்ததை மறைத்தோமே, அது தப்பு. அதில் சந்தேகமே இல்லை.

உண்மையை நீங்களே எழுதி அனுப்புங்கள். நான் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று என் பேரைப் போட்டே எழுதுங்கள்.

இன்று விடியற்காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டு மாடி இறங்கி வாளியில் தூக்கி வந்தேன். அந்தப் பம்புகள் வந்தால் நாற்பது கிராமத்துக்குக் குடிதண்ணீர் என்று சொன்னீர்களே, அங்கே எத்தனை பெண்கள் இன்றைக்குத் தூக்கினார்களோ.

தங்கள்
ருக்மிணி


உ
கரோல் பாக்
9-12-1980

ஜலஜாவின் அப்பாவுக்கு நமஸ்காரம். ஜலஜா நன்றாக இருக்கிறாள், கணக்கில் முதல் மார்க்கு. டில்லியில் குளிர் ஆரம்பித்துவிட்டது.

உங்கள் பதில் நேற்று வந்தது. நாலு தடவை படித்தேன். வில்பிரட்டுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், நீ வீணாகக் குழம்பாதே, நோட்டை யார் கண்ணிலும் காட்டாதே, இங்கே அறுபது லாரி நிற்கிறது, எல்லை தாண்டுகிற காகிதம் இல்லாமல் டிரைவர்கள் என்னைத் திட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது. ராத்திரி சாப்பிட்டீர்களா என்றுகூட எழுதவில்லை.

ஆனால் எச்சரிக்கையோடு போகாது. விசாரணை வருகிற திங்கட்கிழமை, பதினைந்தாம் தேதி, காலை பதினோரு மணிக்கு. வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று ஜோதிலிங்கமே சொன்னார். அவர் வில்பிரட்டின் சிநேகிதர் இல்லை, உங்கள் சிநேகிதர். வில்பிரட் இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "மாமி, சார்கிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சா? அங்க சௌக்கியமா இருக்காங்களா?" என்று விசாரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரம் மலைக் கோயிலுக்குப் போனேன். நீங்கள் கப்பலோடோ லாரியோடோ மல்லாடும்போதெல்லாம் அங்கே போய் வேண்டிக்கொள்வேன், நல்லபடி சேரணும் என்று. இந்தத் தடவை முருகன் எதிரே நின்றால் அந்த வேண்டுதல் வாயில் வரவில்லை. இன்பராணி வீட்டிலிருந்து வெறுமனே திரும்பின தூக்குதான் ஞாபகம் வந்தது. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டேன். குருக்கள், "என்ன மாமி, அர்ச்சனை பண்ணாமலே போறேள்?" என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

தபாலில் போட்டால் இந்தக் கடிதம் பதினைந்தாம் தேதிக்குள் சேராது. அதனால் நாளை ஜோர்டானில் அம்மான் ஊருக்கு விமானம் ஏறுகிற ஜோதிலிங்கம் கையில் கொடுக்கிறேன். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி பார்ப்பது நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையில் இருக்கும் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. நோட்டின் அந்த இரண்டு நாளையும் அப்படியே பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸ் ஃபைலின் நாலு மூலையிலும் மஞ்சள் இன்னும் இருக்கும், அது அவ்வளவு சீக்கிரம் போகாது. கேட்பவர்களுக்கு அதைச் சொல்லுங்கள்.

அக்கபாவிலிருந்து டெலக்ஸ் அடித்தால் அன்றைக்கே டில்லி ஆபீசில் வந்து விழும் என்று ஒரு தடவை சொன்னீர்கள். நாலு வரி போதும்.

திங்கட்கிழமை காலை ஜலஜாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நானும் ஆபீசுக்குப் போகிறேன். இன்பராணி கூட வருகிறாள். எதற்கு என்று அவளிடமும் இன்னும் சொல்லவில்லை, துணைக்கு வா என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறேன். நோட்டைப் பையில் எடுத்துக்கொள்வேன். விசாரணைக்கு வருகிற வில்பிரட் கேட்டில் நிற்பார். உங்கள் டெலக்ஸ் வந்துவிட்டது என்று உள்ளே விசாரித்து அவர் சொன்னால், பையைத் திறக்காமலே அப்படியே திரும்பிவிடுவேன். வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி, நீங்கள் கேட்ட மோர் மிளகாய் வாங்கி அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வரவில்லை என்றால் உள்ளே போவேன். உங்களுக்கு முன்னால் நான் பேசுகிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்பதுதான் இந்த ஐந்து நாளும் என் பிரார்த்தனை.

பதினைந்தாம் தேதி என்ன திதி என்று நீங்கள் கேட்பீர்கள். அஷ்டமிதான். பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எத்தனையோ அஷ்டமியில் உங்களை வாசற்படி தாண்டவிடாமல் நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒரு அஷ்டமிக்கு நான் புறப்படுகிறேன், நீங்கள் என்னை நிறுத்துங்கள்.

ஜோதிலிங்கத்திடம் நாரத்தங்காய் பாட்டில் ஒன்று இருக்கிறது. தயிர்சாதம் கிடைக்காவிட்டாலும் அங்கே கிடைக்கிற ரொட்டியோடு தொட்டுக்கொள்ளுங்கள். லாரிகள் எல்லை தாண்டட்டும், பம்புகள் ஒன்றும் உடையாமல் போய்ச் சேரட்டும், அந்த ஊர்க் குழாய்களில் தண்ணீர் வரட்டும். நீங்கள் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரவேண்டும். அம்பாள் துணை இருப்பாள்.

தங்கள் பாதங்களில் நமஸ்கரித்து,
வாசல் பக்கமே காதாக இருக்கும்
ருக்கு