அப்பாவின் கண்ணாடியும் கறுத்த திரையும்

வம்பாக்கீரப்பாளையம், புதுச்சேரி
ஜூலை 2007

அன்பு வெற்றிச்செல்வனுக்கு, அம்மா எழுதுகிறேன். நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தச் சார்ஜா வெயிலில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கறுப்புக் கண்ணாடியால் வீட்டில் நிம்மதி இல்லை. அப்பாவின் கண்ணில் வளரும் சதை கருவிழியைத் தொட வந்துவிட்டது, கண்ணாடி போடாமல் கடல் வெயிலில் நின்றால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொன்னதும் நீ உடனே வாங்கி அனுப்பினாய், சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அது போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தின் கூச்சத்தை அடக்கும், கூடவே படகில் வழி காட்டும் ஜி.பி.எஸ். திரையையும் கறுப்பாக்கிவிடும். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தவர், மிஷின் செத்துப்போச்சு என்று அணைத்து, துணியில் சுற்றி வைத்துவிட்டார். அவரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. அவரும் படகு ஆட்களும் குத்துமதிப்பாக ஓட்டி, டீசலும் தீர்ந்து, கடலூர்ப் பக்கம் கரையேறினார்கள். அதுவரை நான் துறைமுகத்தில் நின்றது எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்த மிஷினைத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், திரை பளிச்சென்று தெரிந்தது. "கரையில வேல செய்யுது, கடல்ல போனா செய்யல, திமிரு புடிச்ச மிஷினு" என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். எனக்குச் சந்தேகம் வந்து, அந்தக் கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டு ஜி.பி.எஸ்.ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் திருப்பினால் வெளிச்சம், இன்னொரு பக்கம் திருப்பினால் இருட்டு. அவருக்கும் காட்டினேன். ஒப்புக்கொள்வார் என்று பார்த்தால், "புள்ள அனுப்புனத கழட்டிட்டு கடத்தெரு கண்ணாடி போடுவனா? நான் தலைய சாச்சிப் பாத்துக்குறேன், நீ போ" என்கிறார். முதலில் படகில் தலையைச் சாய்த்துக்கொண்டேதான் நின்றாராம். அவருடைய அத்தை மகன் சாமிக்கண்ணு, "இன்னா மச்சான், கோழி பாக்குற மாரி பாக்குற" என்று கேலி செய்ததும் ரோஷம் வந்து, இப்போது திரையைப் பார்க்கும் நேரமெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். பாதிப் பயணம் வெறுங்கண்தான். சதை வளராமல் என்ன செய்யும்?

சொல்லிச் சொல்லி அலுத்து, நானே நேரு வீதிக்குப் போனேன். ஒவ்வொரு கண்ணாடியையும் என் செல்போன் திரைமேல் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன். கடைக்காரர் உஸைர், "டீச்சர், கண்ணாடி உங்களுக்கா, போனுக்கா?" என்றார். சிரிக்கட்டும். எப்படித் திருப்பினாலும் கறுக்காத பழுப்புக் கண்ணாடி ஒன்று கிடைத்தது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். கூச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பரவாயில்லை.

நான் கொடுத்தால் தொடமாட்டார். அங்கிருந்து லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதன் ராஜாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நீ போன் பண்ணியதும் கொண்டுவருவான். கடலுக்கென்றே இதை நீ தேடி வாங்கி அனுப்பினாய், பழையது தெருவில் போட்டுக்கொள்ள என்று அப்பாவிடம் சொல். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது, உனக்கு நன்றாக வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கூப்பிடு, அவர் தினமும் கடலுக்குப் போகிறார்.

உன் அம்மா,
நிர்மலா